அம்மாவின் வெந்நீர்த் தொட்டி

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போன சமயம், ராயபுரத்தில் எங்கே பார்த்தாலும் அவர்கள் விட்டுப்போன சாமான்தான். மற்ற வீடுகளுக்கு நாற்காலி வந்தது, நிலைக்கண்ணாடி வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு குளிக்கும் தொட்டி. கனத்த வார்ப்பிரும்பு, உள்ளே வெள்ளைப் பீங்கான் பூச்சு. யாரோ ஒரு துரையின் தோட்டத்தில் சுண்ணாம்பு குழைக்கக் கிடந்ததை அப்பா கேட்டு வாங்கிக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தார். வாசலில் நுழையவில்லை. கொல்லைப்பக்கம் தட்டியைப் பிரித்து உள்ளே இறக்கினார்கள்.

"குழாய்ல குடிக்கத் தண்ணி இல்ல, இவங்களுக்குத் தொட்டிக் குளியலு கேக்குது" என்று தெரு சிரித்தது. சிரிக்கட்டும். அம்மாவுக்கு முடக்குவாதம். முழங்கால்கள் இரண்டும் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன. தினமும் கழுத்துவரை வெந்நீரில் கிடந்தால் தளரும் என்று மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அப்பா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்.

தொட்டியைத் தேய்த்தது நானும் அம்மாவும்தான். அவளைத் தூக்கி உள்ளேயே உட்காரவைத்துவிடுவேன். புளித்தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, கொட்டாங்கச்சிச் சில்லால் சுண்ணாம்பைச் சுரண்டுவோம். பிறகு தேங்காய் நாரும் சாம்பலும். "இன்னாடி, எருமையக் குளுப்பாட்ற மாரி தடவிகினு கீற? அழுத்தித் தேய்" என்று அதட்டுவாள். நாள்கணக்கில் தேய்த்தபின் பூச்சு பால் மாதிரி வெளுத்தது. அடியில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் துரு.

முதல் நாள் வெந்நீரில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கிடந்தாள். வலது கால் கொஞ்சம் நீண்டது. அவளுக்கே நம்பிக்கை வரவில்லை, என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அன்று வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

மறுநாள் அப்பா அந்தத் துருவைப் பார்த்தார். அவருக்கு ஹார்பரில் கப்பல் துரு தட்டுகிற வேலை. துரு கண்ட இடத்தில் சுத்தியலால் தட்டு, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தட்டு, அப்புறம் துரு ஏறாமலிருக்கச் செந்தூரச் சாயம் பூசு. அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். "அவ ஒடம்புல துரு படக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே தட்டினார். கப்பல் தகடு அடி தாங்கும். வார்ப்பிரும்பு தாங்காது. நாலாவது அடியிலோ ஐந்தாவது அடியிலோ, தொட்டியின் அடியில் குறுக்கே விரிசல் ஓடியது. அப்பா சுத்தியலைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றார்.

சணலும் செந்தூரமும் திணித்து அடைத்தார். பச்சைத் தண்ணீருக்கு நின்றது. வெந்நீர் பட்டதும் அடைப்பு இளகிவிடும். அடுப்பில் இரண்டாவது தவலை கொதிப்பதற்குள் முதல் தவலை மண்ணில் இறங்கிவிடும், அம்மாவின் இடுப்புகூட நனையாது. "வுடுய்யா, ஒரு நாளு குளிச்சன் இல்ல" என்றாள் அம்மா. எனக்கு அப்பாமேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன்.

ஐப்பசி மழையில் அம்மா காய்ச்சல் கண்டு இறந்தாள்.

சவப்பெட்டி வந்தது. மடங்கிய முழங்கால்மேல் மூடி உட்காரவில்லை. பெட்டிக்காரர் அழுத்திப் பார்க்கக் கையை நீட்டினார். அப்பா அவர் கையைத் தட்டிவிட்டு, அம்மாவைத் தூக்கிப்போய்த் தொட்டியில் கிடத்தினார். வேட்டியைக் கிழித்து விரிசலில் திணித்துக்கொண்டு, "வெந்நி ஊத்துங்க" என்றார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தவலை வந்தது. ஒழுக ஒழுக ஊற்றினார்கள். தொட்டி நிறைந்தது, நிறைந்தபடியே நின்றது. உயிரோடு கிடந்தவளுக்கு ஒரு குடம் வெந்நீர் கேட்க எங்களுக்கு வெட்கம். கேட்டிருந்தால் இந்தத் தெரு கொடுத்திருக்கும்.

அப்பா முழங்கால்களை மெல்லப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார். தண்ணீரின் சூடு பட்டு அவர் கை சிவந்துபோயிருந்தது. வெகுநேரம் கழித்து என்னை நிமிர்ந்து பார்த்து, "இந்தா, நேராயிடிச்சி பாரு" என்றார்.

பெட்டிக்குள் நீட்டிப் படுக்கவைத்தார்கள். என் அம்மா அவ்வளவு உயரம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.