கோணல் மூக்கு வம்சமும் என் அப்பாவின் பெயரும்

கேமரன் என்ற குடும்பப் பெயருக்குக் கோணல் மூக்கு என்று பொருள். எனக்கு இதைச் சொன்னவரும் ஒரு கேமரன்தான். அவருடைய மூக்கு நேராகத்தான் இருந்தது.

எண்பதுகளின் நடுவில் நான் சுவிஸ் மலைப் பள்ளத்தாக்கான எங்கடினில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். என் மனைவி அதே ஹோட்டலின் சலவை அறையில் கட்டில் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் அகதி விண்ணப்பம் தலைநகர் பேர்னில் யாரோ ஒருவருடைய மேசையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கேமரன் என்ற அந்த ஸ்கொட்லாந்துக்காரர் ஒவ்வொரு பெப்ரவரியும் மனைவியோடு வருவார். பனியில் சறுக்க வந்தவர் சறுக்கி நான் பார்த்ததில்லை. வரவேற்பு மண்டபத்தில் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அகப்பட்டவரிடமெல்லாம் தன் வம்சத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். அவருடைய மனைவி பக்கத்தில் இருந்து கம்பளி பின்னுவார். அவர் பெருமை நீள நீள அந்தக் கம்பளியும் நீளும்.

ஒரு தடவை பனி கொட்டி ரயில் நின்றுவிட்டது. விருந்தினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சலித்துப்போன நேரத்தில் முகாமையாளர் ஒரு யோசனை செய்தார். மாலையில் கேமரன் ஐயா தன் பெயரின் வரலாற்றைச் சொல்வார், விஸ்கி இலவசம் என்று அறிவித்தார். விஸ்கிக்காக மண்டபம் நிறைந்தது. வெற்றுக் கிளாசுகளைச் சேர்த்தெடுக்கும் வேலை எனக்கு.

அவர் தங்கள் நாட்டு ஆண்கள் உடுக்கிற கட்டம் போட்ட பாவாடையில் வந்து நின்றார். முழங்கால் தெரிந்தது. எங்கள் ஊரில் முழங்கால் தெரியத் துணி கட்டியவன் யார், அவன் எந்த வாசலோடு நிற்கவேண்டியவன் என்பதெல்லாம் கேட்காமலே ஊருக்குத் தெரியும். இங்கே அதே முழங்காலுக்குக் கை தட்டினார்கள்.

பெயருக்கு மூன்று பொருள் இருப்பதாகச் சொன்னார். முதலாவது, அவர்களுடைய பழைய மொழியில் கோணல் மூக்கு. ஆதியில் ஒரு முரட்டுத் தலைவன் இருந்தான், சண்டையில் மூக்கு உடைந்தவன், அவன் வழியில் வந்தவர்கள் எல்லாரும் கோணல் மூக்கர்கள். இரண்டாவதில் மூக்கே இல்லை, கோணல் மலை. அப்படி ஓர் இடம் இருந்தது, அந்த இடத்துக்காரர்கள். மூன்றாவது, பிரான்சிலிருந்து கடல் கடந்து வந்த ஒரு பிரபுவின் ஊர்ப் பெயர். மூன்றாவதைச் சொல்லும்போது அவர் குரல் தானாகவே தணிந்தது. உடைந்த மூக்கைவிடப் பிரபு மேல் என்பதில் எல்லா நாட்டுக்காரரும் ஒற்றுமைதான். ஆனாலும் கூட்டம் சிரித்து ரசித்தது மூக்கைத்தான், அதனால் அவரும் திரும்பத் திரும்ப மூக்குக்கே வந்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. கிளாசுகளை அடுக்கிக்கொண்டே, என் பள்ளிக்கூட ஆங்கிலத்தில், அந்தப் பெயரை வைத்தது மூக்குக்காரரா பக்கத்து வீட்டுக்காரரா என்று கேட்டேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. கோப்பை கழுவுகிறவன் கேள்வி கேட்டது அவர்களுக்கு வரலாற்றைவிடச் சுவையாக இருந்திருக்க வேண்டும்.

"பக்கத்து வீட்டுக்காரன்தான். தன்னைத் தானே எவன் கோணல் மூக்கன் என்று சொல்வான்?" என்றார்.

"பிறகு ஏன் மாற்றவில்லை?"

அவர் ஒரு மிடறு விஸ்கி குடித்தார். "மாற்றலாம் என்று நினைப்பதற்குள் எங்களுக்கு நிலம் கிடைத்துவிட்டது. நிலம் வந்த பிறகு மூக்கைப் பற்றி யாரும் பேசவில்லை."

அன்று அவர் சொன்னவற்றில் உண்மை என்று நான் சத்தியம் செய்யக்கூடியது இந்த ஒன்றுதான்.

நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். எங்களிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் பெயர் முன்னால், நம்முடைய பெயர் பின்னால். என் பிள்ளை வந்தால் என் பெயர் முன்னால் ஏறும், என் அப்பாவின் பெயர் கழன்றுவிடும். ஒவ்வொரு தலைமுறையும் ஒரு தாத்தாவை இறக்கிவிட்டுப் போகிற பேருந்து மாதிரி. எல்லையில் என்னை விசாரித்த சுவிஸ் அதிகாரிக்கு இது விளங்கவில்லை. குடும்பப் பெயர் கேட்டார், இல்லை என்றேன். இல்லாமல் இருக்க முடியாது என்றார். பசு மாட்டுக்கே பரம்பரை எழுதி வைத்திருக்கிற நாடு, அவரைக் குறை சொல்ல முடியாது. பெயரை முழுதாகச் சொல்லச் சொன்னார். நான் ஊர் வழக்கப்படி அப்பாவின் பெயரிலிருந்து தொடங்கினேன். முதலில் வந்ததை அவர் குடும்பப் பெயர் என்று பதிந்துகொண்டார். ஊரில் என்னோடு முடிந்துபோக வேண்டிய பெயர், இனி என் பிள்ளைக்கும் பேரனுக்கும் அவன் பேரனுக்கும் என்று நிலைத்துவிட்டது.

அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். பெயர்கள் எழுதுவதில்லை என்று வீட்டாரோடு ஓர் ஒப்பந்தம். ஆனால் அது என்ன மாதிரிப் பெயர் என்று சொல்லலாம். கந்தன், நாகன் மாதிரி. கந்தசாமி, நாகலிங்கம் மாதிரி அல்ல. அப்பா பிறந்த காலத்தில் பிறப்பைப் பதிந்தவர்கள் எங்கள் ஆட்களின் பிள்ளைகளுக்கு நீளமான பெயர் எழுத மாட்டார்கள். சாமி பெயரைக்கூடப் பாதியில் வெட்டித்தான் தருவார்கள். தாத்தா போய்ச் சொன்ன பெயர் ஒன்று, அவர்கள் எழுதியது ஒன்று. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் இவன் எந்தச் சாதி என்று இந்நேரம் நீங்கள் தேடத் தொடங்கியிருப்பீர்கள். தேடுங்கள்.

உங்களுக்கு முன்பே தேடியவர் ஒருவர் இருந்தார். ஹோட்டல் ஊழியர் விடுதியின் மேல் மாடியில் எங்களுக்கு அடுத்த அறை. யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தவர், இங்கே காலைச் சாப்பாட்டு மேசைக்கு ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் அவரை அண்ணை என்போம். எங்களைக் கண்ட முதல் நாளே எந்த ஊர், எந்தக் கோயிலடி, கோயிலுக்குக் கிழக்கோ மேற்கோ, எந்தப் பள்ளிக்கூடம் என்று வரிசையாகக் கேட்டார். நான் ஊரின் பெயரோடு நிறுத்திக்கொண்டேன். ஆனால் வேலை நேரம் பதிகிற அட்டையில் குடும்பப் பெயர் பெரிய எழுத்தில் தொங்கியது. அதைப் பார்த்துவிட்டார். அடுத்த நாள் பொதுச் சமையலறையில் ஒரு நீலப் பிளாஸ்டிக் கோப்பை இருந்தது.

"உமக்கெண்டு தனியா வாங்கினனான் தம்பி," என்றார், பிறந்தநாள் பரிசு கொடுக்கிற மாதிரி.

கீழே ஹோட்டலில் அவர் கோப்பி குடித்த ஒவ்வொரு கோப்பையும் நான் கழுவியது. மெஷின்தானே கழுவுகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பார். அவருடைய பெயர் பிள்ளை என்று முடிகிற நீளமான பெயர். தலைமைச் சமையல்காரனுக்கு அது வாய்க்குள் அடங்கவில்லை, முதல் இரண்டு எழுத்தோடு வெட்டிவிட்டான். அந்தக் குட்டைப் பெயரைச் சமையலறை முழுக்கக் கேட்கக் கூவி அழைப்பான். அண்ணை ரொட்டிக் கத்தியோடு ஓடுவார். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க மாட்டேன்.

ஆனால் அவர் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் ஒரு சண்டை பிடித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். மனைவிக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கதவடியில் கொண்டுவருவார், வாசலைத் தாண்டாமல் தருவார். அவள் பிள்ளைத்தாச்சி என்று தெரிந்ததும் என்னைவிட அவர்தான் அதிகம் பரபரத்தார். ஸ்கொட்லாந்துக்காரர் பேச்சை அவரும் கேட்டிருந்தார். "பாத்தீரோ தம்பி, ஆயிரம் வருசமா ஒரே பேர். உதுதான் பரம்பரை," என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர், ஒரு நாள் சமையலறையில் எங்கள் இருவரையும் பிடித்துக்கொண்டார். யாழ்ப்பாணத்தில் அவருக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவர் இருக்கிறார், அப்பாவின் உண்மையான, நீளமான பெயர் இன்னது என்று சத்தியக்கடதாசி முடித்து அனுப்புவார், பிள்ளையை அந்தப் பெயரில் பதியலாம் என்றார்.

"பிள்ளைக்கு வடிவான பேர் ஒண்டு வேணுமெல்லோ தங்கச்சி."

"இருக்கிற பேருக்கு என்ன குறை அண்ணை?" என்று கேட்டாள் என் மனைவி.

"குறை எண்டில்லை. கட்டையாக் கிடக்கு."

"கட்டையெண்டால் சுவிஸ்காரருக்குச் சொல்ல லேசு. உங்கட பேரை வெட்டிப்போட்டுத்தானே கூப்பிடுறாங்கள்."

"அது வேறை. நாளைக்கு எங்கட ஆக்கள் பாத்தால்…"

"பாத்தால்?"

"ஒரு மாதிரி நினைப்பினம்."

"என்ன மாதிரி?"

அண்ணை அடுப்பில் இருந்த கேத்தலைப் பார்த்தார். அவள் விடவில்லை, என்ன மாதிரி, என்ன மாதிரி என்று கேட்டுக்கொண்டு நின்றாள். கச்சேரியில் ஒரு மாவட்டத்தின் காணி வழக்குகளையெல்லாம் வாயாலேயே வகைப்படுத்திய மனிதர் கேத்தலின் மூடியைச் சரிசெய்தார். தண்ணீர் கொதித்ததும் தேத்தண்ணியோடு அறைக்குப் போய்விட்டார். கடைசியில் நான்தான் அவர் பின்னால் போய், கடதாசியை எடுப்பியுங்கோ அண்ணை என்று சொன்னேன்.

ஏனென்றால் எனக்கு அந்த நீளமான பெயர் வேண்டும்போல் இருந்தது. நிலம் கிடைத்தவர்களுக்குக் கோணல் மூக்கும் அலங்காரம். எனக்கு இருந்தது மாடியில் ஓர் அறை, அதுவும் ஹோட்டலுடையது. சூரிச்சிலும் லாங்கன்தாலிலும் எங்கள் ஆட்கள் பெருகிக்கொண்டிருந்தார்கள். கோயில் வரும், சங்கம் வரும், கலியாணப் பேச்சு வரும். என் பிள்ளை தன் பெயரைச் சொன்னதும் எதிரே இருப்பவரின் கண் ஒரு கணம் சுருங்கும். அந்தக் கண்ணை எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். அதை என் பிள்ளையும் பார்க்கவேண்டுமா? அப்பா அப்போது உயிரோடு இல்லை. இருந்தால் அவரே மாற்றச் சொல்லியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோடையில் மகள் பிறந்தாள். கடதாசியும் வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மனைவி அதை வாசித்தாள். கிழித்துப்போடுவாள் என்று நினைத்தேன். மடித்து என்னிடமே தந்தாள்.

"மாத்துறதெண்டால் மாத்துங்கோ. ஆனா ஒருநாளைக்கு இவள் கேப்பாள், தாத்தான்ர பேர் வேறையாமே, ஏன் மாத்தினனீங்கள் எண்டு. அப்ப நான் என்ன சொல்லுறது? இன்ன பேர் இன்ன ஆக்களுக்கு எண்டு முதலில இருந்து சொல்லிக் குடுக்கவேணும். இவளுக்கு அதைப் படிப்பிக்கிற வேலை என்னால ஏலாது. நீங்கள் படிப்பியுங்கோ."

நான் பிள்ளையைப் பார்த்தேன். அவளுக்கு இன்னும் ஒன்றுமே தெரியாது. அவளோடு பள்ளிக்கூடம் போகப்போகிற பிள்ளைகளுக்கும் தெரியாது. அவர்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாத இன்னொரு வெளிநாட்டுப் பெயர், அவ்வளவுதான். அதில் இருக்கிற பொருளை நான் சொல்லிக்கொடுத்தால்தான் அது அங்கே இருக்கும்.

பிறப்புப் பதிகிற கந்தோர் பள்ளத்தாக்கில் இரண்டு ஸ்டேஷன் தள்ளி இருந்தது. என்னுடைய ஜெர்மன் சமையலறை ஜெர்மன், அதில் வசவுதான் திருத்தமாக வரும். அதனால் அண்ணை மொழிபெயர்க்க வந்தார். மாலை வகுப்புக்குப் போய் முறையாகப் படித்தவர். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். மாற்ற வேண்டாம் என்று சொல்லாமலே நான் திருப்பிக் கொடுத்திருந்த கடதாசி அவருடைய பையில் இருந்தது. கண்ணாடி போட்ட ஒரு பெண், பிள்ளையின் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டாள். அண்ணை பையைத் திறந்தார்.

"அண்ணை, அதை உள்ளை வையுங்கோ. அப்பான்ர பேரையே சொல்லுங்கோ," என்றேன்.

"வடிவா யோசிச்சனீரோ?"

"ஓம்."

"அப்ப நீரே சொல்லுமன்."

"மொழிபெயர்க்க வந்தது நீங்கள்தானே."

அவர் சொன்னார், மேசைக்குச் சொன்னார். அந்தப் பெண்ணுக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் சத்தமாக என்றாள். திரும்பச் சொன்னார். அவள் எழுதி முடித்தாள். சுவிஸ்காரர்கள் எதையும் ஒரு தடவையோடு விடமாட்டார்கள், இதுதான் இவருடைய குடும்பப் பெயரா, பிள்ளை இவருடையதுதானா என்று என்னைக் காட்டி அண்ணையிடம் உறுதி கேட்டாள். கந்தோரில் ஒருவரை மொட்டைப் பெயரில் சொல்லக்கூடாது என்று மாலை வகுப்பில் அடித்துப் படிப்பித்திருப்பார்கள் போலிருக்கிறது. அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்பாவின் பெயருக்கு முன்னால் 'ஹெர்' என்று சேர்த்து, "ஓம், இது அவருடைய மகள்" என்று முழு வசனமாகச் சொன்னார்.

'ஹெர்' என்றால் எங்கள் பாஷையில் ஐயா. ஊரில் பள்ளிக்கூடம் போகிற பெடியன்கூட அப்பாவைப் பெயர் சொல்லி டேய் என்றுதான் கூப்பிடுவான். அவர் சாகும்வரைக்கும் அந்தப் பெயரோடு ஒரு மரியாதைச் சொல் சேர்ந்து நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண், பிள்ளை பிறந்த சந்தோஷம் என்று நினைத்து ஒரு கடதாசிக் கைக்குட்டையை நீட்டினாள். அண்ணைக்குத் தெரியும். அவர் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.