மைனஸாகிப் போன மழை

அமலி போய்விட்டார் என்ற போன் வந்தபோது கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து எதிர்பார்த்ததுதான். இருந்தும் வந்த பஸ்ஸில் ஏறத் தோன்றவில்லை. அவரோடு வேலை பார்த்த உங்களில் பலர் கடைசிவரை அவரிடம் பேசவில்லை. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கொல்லிமலைப் பாதைக்கு மழை எச்சரிக்கை வைத்தோமே, அதன் சி மொழி நிரல் அமலி எழுதியது. சோளக்காட்டு மழைமானி தினமும் காலையில் முந்தைய நாள் மழையை மில்லிமீட்டரில் ஒரு பைட்டாக அனுப்பும். மழை அதிகமென்றால் அடிவாரத்தில் சிவப்பு விளக்கு எரியும். குரங்குகள் ஒயரைப் பிடுங்கினால் மைனஸ் ஒன்று வரும். "மைனஸ் வந்தா குரங்கு, தள்ளிவிடு" என்று எல்லோரும் சிரித்தபடி ஒப்புக்கொண்ட விதி அது.

மழைமானி அனுப்பியது வந்து சேரும் நினைவிடமான பஃபரைப் படிக்க அவர் வைத்த சுட்டி, சாதாரண கேர் பாயின்ட்டர். எங்கள் கம்பைலரில் அது நூற்று இருபத்தேழைத் தாண்டிய எண்ணை மைனஸாகக் காட்டும். மைனஸே அறியாத அன்சைன்ட் கேர் பாயின்ட்டர் வைத்திருந்தால் மழை சரியாக வந்திருக்கும். சோதனையில் அவ்வளவு தண்ணீரை யார் ஊற்றிப் பார்த்தோம்?

ஓர் ஐப்பசியில் கொட்டித் தீர்த்தது. நிரல் அந்த மழையைக் குரங்கென்று தள்ளியது. விளக்கு எரியவில்லை. மலையேறிய லாரி மண்சரிவில் புதைந்து, டிரைவர் பழனிசாமி இறந்தார். விளக்கு எரிந்தும் அவர் மதிக்கவில்லை என்று அலுவலகம் கூசாமல் எழுதியது.

அமலி பஃபரைத் திறந்து பார்த்தார். "மெமரில மழை சரியாத்தான் இருக்கு. நான்தான் தப்பாப் படிக்க வச்சிருக்கேன்."

"செத்தவன் வந்து சாட்சி சொல்லப் போறானா? விடும்மா," என்றார் மேலதிகாரி.

"வரமாட்டார் சார். அதனாலதான் நான் சொல்லணும்."

பழனிசாமியின் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். அமலி சொன்னதைக் கேட்டு அவர் மனைவி எழுந்து வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு, "குடிச்சுப்போட்டு ஏறுனாருன்னு ஊரே பேசுதுங்க. எம்பட பையன் காதுபடவே பேசறாங்க. இத வெளிய வந்து சொல்லுவீங்களா?" என்றார்.

வாசலில் கூடியவர்களிடம் அமலி சொன்னார்: "வெளக்கு எரியலங்க. அவர் மேல தப்பில்ல. தப்பு என்னோடது." வசைகளை நின்று கேட்டார். வேலையும் போயிற்று.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தவை இரண்டு: எந்த பஃபரைத் தொட்டாலும் பாயின்ட்டரின் வகையைப் பார்த்துக்கொள்ளும் பயம், பேச முடியாதவருக்காகப் பேசியாக வேண்டும் என்ற பிடிவாதம்.

அடக்கத்துக்குப் பழனிசாமியின் மனைவி வந்திருந்தார். கல்லறை ஓரமாக நின்று என்னிடம் சொன்னார்: "அவரு சாவுக்கும் இவங்கதானுங்க காரணம். அவரு பேரக் காப்பாத்துனதும் இவங்கதானுங்க. நான் என்னன்னு அழுவட்டும்?"