சனி வளையத்துச் சந்தையை இரண்டு முறை எழுதியவர்

வேல்ராஜ் பாவூர்சத்திரத்துக்காரர். வயது நாற்பத்திரண்டு. சொந்தமாக ஒரு டெம்போ வைத்திருக்கிறார். மார்க்கெட்டில் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் ஏற்றிக்கொண்டு செங்கோட்டை, புளியரை வழியாகப் புனலூருக்குப் போய் இறக்கிவிட்டு வருவார். போகும்போது வாய் திறக்கமாட்டார். மலைப்பாதை, மேலே முழு லோடு. திரும்பி வரும்போது வண்டி காலி. மலை இறங்கிச் சமதளம் வந்ததும், கண்ணாடிக்குக் கீழே மாட்டியிருக்கிற போனைப் பார்த்துக் கதை சொல்ல ஆரம்பிப்பார். போன் அதைக் கேட்டு எழுதிக்கொள்ளும்.

எனக்கு அவரைத் தெரிந்தது ஒரு வாட்ஸப் குழுவில். நான் சுரண்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். தென்காசி வட்டாரத்தில் விண்வெளி, ரோபோ, வேற்றுக்கிரகம் என்று பைத்தியம் பிடித்து அலைகிற அறுபது பேர் அந்தக் குழுவில் இருக்கிறோம். சீசன் முடிந்து கூட்டம் குறைந்தபிறகு வருஷத்துக்கு ஒரு நாள் குற்றாலத்தில் கூடுவோம். குளித்துவிட்டு வந்து, இயந்திரத்துக்கு வலி தெரியுமா தெரியாதா என்று சாயங்காலம் வரை சண்டை போடுவோம். தென்காசியில் ஜெராக்ஸ் கடை நடத்தும் நிலோபர் என்ற பொண்ணு, பஸ் சீட்டுக்குப் போடும் ரெக்ஸினில் தானே தைத்த விண்வெளி உடையைப் போட்டுக்கொண்டு வரும். வேல்ராஜ் ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவர். லாரியில் கிளீனராக இருந்த காலத்தில், லோடுக்காகக் காத்திருக்கும் நேரமெல்லாம் தென்காசி தியேட்டரில் டப்பிங் படம் பார்த்திருக்கிறார். வேற்றுக்கிரகத்து ஆள் தமிழில் அதட்டுவதைக் கேட்டு மற்றவர்கள் சிரிக்கும்போது, இவருக்கு மட்டும் வேறு யோசனை ஓடும். இவ்வளவு பெரிய கப்பலில் சாமான் ஏற்றி இறக்குகிறவன் யார்? அவனை ஏன் எந்தப் படத்திலும் காட்டுவதில்லை?

நாற்பது வயதில் அதையே நாவலாகச் சொல்லத் தொடங்கினார். சனி கிரகத்தின் வளையத்தில் ஒரு காய்கறிச் சந்தை. அங்கே சுமை தூக்கும் பேச்சி என்று ஒருத்தி. சுயமாக யோசிக்கத் தெரிந்த ஒரு தராசு, அதற்கு எடையன் என்று பெயர். எடையைக் கொஞ்சம் கூட்டிக் காட்டு என்கிறார்கள் முதலாளிகள். அது மாட்டேன் என்கிறது. அதைக் கழற்றிப் போட ஆள் வரும்போது பேச்சி குறுக்கே நிற்கிறாள். ஒரு கதைச் செயலியில் வாராவாரம் ஓர் அத்தியாயம் வந்தது. நாலாயிரம் பேர் படித்தார்கள். அந்தச் செயலி நடத்திய அறிவியல் புனைவுப் போட்டியில் கடைசிப் பத்தில் இடம் கிடைத்தபோது, குழுவில் எல்லாரும் அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடினோம்.

முடிவு வர மூன்று வாரம் இருந்தபோது செயலியிலிருந்து ஒரு செய்தி வந்தது. உங்கள் படைப்பில் தொண்ணூற்றொரு சதவீதம் செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டது என்று எங்கள் சோதனை காட்டுகிறது; போட்டியிலிருந்தும் தளத்திலிருந்தும் நீக்கப்படுகிறது. அவ்வளவுதான்.

வேல்ராஜ் மேல்முறையீடு செய்தார். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. மறுபடி எழுதினார். அதே இரண்டு நிமிடத்தில் அதே வாசகம். தான் இயந்திரம் இல்லை என்று ஓர் இயந்திரத்திடம் வாதாடிக்கொண்டிருக்கிறோம் என்பது நாலாவது முறைதான் அவருக்குப் புரிந்தது.

குழுவிலும் பேச்சு எழுந்தது. சிலர் அவருக்காகக் கோபப்பட்டார்கள். ஒருத்தர், "என்ன இருந்தாலும் எழுதினது போன்தானே" என்று போட்டார். அந்த ஒருத்தர் நான்தான். வேடிக்கையாகத்தான் போட்டேன்.

மறுநாள் காலையில் வேல்ராஜ் நிலோபர் கடைக்குப் போயிருக்கிறார். கம்பெனிக்கு நல்லபடியாக ஒரு புகார் மனு அடித்துத் தரும்படி கேட்டிருக்கிறார். நிலோபர் அடிப்பதற்கு முன்னால், நீங்கள் எப்படி எழுதுவீர்கள் என்று ஒரு தடவை செய்து காட்டுங்கள் என்றது. அவர் போனை எடுத்துப் பேசினார். எடையன் முதல்முறையாகப் பேச்சியிடம், எனக்கு வலிக்குமா என்று கேட்கிற இடம். பேச்சி சொல்வாள்: "வலிச்சா சொல்லுலே. சொன்னாத்தானே அங்கன கைவைக்காம இருப்பேன்."

போன் அதை எழுதியது. 'அங்கன' என்பதை 'அங்கன்வாடி' என்று எழுதியது. எப்போதும் இப்படித்தான் வரும் என்று சொல்லிவிட்டு, வேல்ராஜ் கீழே இருந்த 'திருத்து' என்ற பொத்தானை அமுக்கினார். எல்லாம் ஒழுங்காகிவிட்டது. அப்படியே செயலியில் ஏற்றிவிடுவாராம். வாசிப்பதென்றால் அவருக்கு நேரமாகும், எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அதனால் முழுசாக ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

நிலோபர் போனை வாங்கித் திரையில் வந்திருப்பதைச் சத்தமாக வாசித்தது: "வலி ஏற்பட்டால் தெரிவிக்கவும். அதற்கேற்ப அப்பகுதியைத் தொடுவதைத் தவிர்க்கிறேன்."

அவர் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு கேட்டார்: "இதத்தான் நாலாயிரம் பேரு படிச்சாங்களா?"

"ஆமா அண்ணாச்சி. கதை உங்களோடதுதான். அந்தச் சந்தை, அந்தத் தராசு, எல்லாம் உங்க தலையில உள்ளது. வார்த்தை உங்களோடது இல்ல. நான் பொய் சொல்ல மாட்டேன்."

வேல்ராஜ் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாராம். மனு வேண்டாம் என்றார். அங்கேயே இருநூறு பக்க நோட்டு ஆறு வாங்கிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து புனலூரிலிருந்து திரும்பும் வழியில் செங்கோட்டைக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டுவார். ஒரு மணி நேரம் எழுதுவார். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு கையெழுத்தைத் தவிர வேறெதுவும் எழுதாத கை. முதல் அத்தியாயத்துக்குப் பதினோரு நாள் ஆனது. விரல் மரத்துப்போகும். சின்ன ரவுக்கும் பெரிய றவுக்கும் தகராறு வரும். ஆனாலும் ஒரு நாளும் விட்டதில்லை. டயர் பஞ்சரான அன்றைக்குக்கூட, ஸ்டெப்னி மாட்டியதும் கரிக்கையைத் துடைத்துவிட்டு நாலு வரி எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தில் விரல்ரேகை இன்னும் இருக்கிறது.

அவர் மனைவி மஞ்சு பிளஸ் டூ முடித்தவர். ஒரு வருஷமாகக் கணவர் போனோடு பேசிக்கொண்டிருந்ததைச் சட்டை செய்யாதவர், நோட்டைக் கண்டதும் எடுத்துப் படித்தார். எழுத்துப்பிழை திருத்தித் தரட்டுமா என்று கேட்டிருக்கிறார். பிழையை மட்டும் திருத்து, பேச்சைத் தொடாதே என்று இவர் கண்டிப்பாகச் சொன்னார். மஞ்சுவுக்கு இன்னொரு குறையும் இருந்தது.

"மொதலாளி முன்னால பேச்சி சும்மாவா போய் நிக்குதா? அன்னைக்குக் கூலி போயிருமேன்னு ஒரு நிமிஷம்கூட நினைக்கமாட்டாளா? நான்னா நினைப்பேன்."

வேல்ராஜ் அந்த அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். என்னைக் கேட்டால் நாவலிலேயே நல்ல இடம் அதுதான். பேச்சி, கழற்ற வந்தவர்களையும் தராசையும் மாறி மாறிப் பார்க்கிறாள். வீட்டில் அரிசி எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று நினைத்துப் பார்க்கிறாள். அப்புறம்தான் கால் எடுத்து வைக்கிறாள். பழைய நாவலில் அவளுக்கு அந்தப் பயமே கிடையாது.

ஆறாவது அத்தியாயத்தில் அவருக்கு ஒரு தடுமாற்றம் வந்தது. ஒரு பக்கம் எழுதவே வராமல் மூன்று நாள் கிடந்தார். கடைசியில், அதுவரை எழுதியிருந்ததைப் போனில் படம் பிடித்து, திருத்தச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார். அது தந்ததில் ஒரு வாக்கியம் அவருடையதைவிட நன்றாக இருந்தது. இதை அவரே என்னிடம் சொன்னார். மறைக்கவில்லை.

"அது எழுதினது நல்லாத்தான் இருக்கு. அதுமேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. நாளைக்கு அதுக்கும் சொல்லுததுக்குக் கதை வரும், அப்ப நான் உக்காந்து கேப்பேன். இது நான் சொல்லுத கதை."

அந்த வாக்கியத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. தன்னுடைய மோசமான வாக்கியத்தையே வைத்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்து அதைச் சரி செய்தார்.

பதினாலு மாதம் ஆனது. முப்பத்தெட்டு அத்தியாயமாக இருந்தது முப்பத்தொன்றாகச் சுருங்கியிருந்தது. நிலோபர் நோட்டைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அடித்தது. நோட்டில் 'வருதான்' என்று இருந்தால் அடித்ததிலும் 'வருதான்' என்றே இருந்தது. நோட்டுப் பக்கங்களைப் படம்பிடித்துச் சேர்த்து அதே செயலிக்கு அனுப்பினார்கள். போட்டி எப்போதோ முடிந்து வேறு யாரோ பரிசு வாங்கிப் போயிருந்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

இந்த முறை ஒரு மனுஷி போன் செய்தார், சென்னை அலுவலகத்திலிருந்து. நோட்டுகளைப் பார்த்ததாகச் சொன்னார். நடந்ததற்கு வருத்தம் தெரிவித்து, பழைய பதிப்பையும் நாலாயிரம் வாசகர்களோடு அப்படியே திருப்பித் தந்துவிடலாம் என்றார். வேல்ராஜ் வேண்டாம் என்றார். உங்கள் சோதனை சொன்னது பாதி சரிதான் மேடம், அதில் என் கதை இருந்தது, நான் இல்லை, அது அழிந்தபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள், புதியதை நாளைக்கே ஏற்றிவிடுகிறோம் என்றார்.

புதிய பதிப்பை இதுவரை அறுநூறு பேர் படித்திருக்கிறார்கள். சிலருக்குப் பிடிக்கவில்லை. முன்னால் தமிழ் சுத்தமாக இருந்தது, இப்போது சந்தைக்கடை மாதிரி இருக்கிறது என்று ஒருத்தர் எழுதினார். வேல்ராஜ் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, தன் கையால் அவருக்குப் பதில் அடித்தார்: "சந்தையில் நடக்கும் கதைதான் அய்யா. படித்ததற்கு நன்றி."

குவைத்திலிருந்து முகம்மது யூசுப் என்பவர் வேறு மாதிரி எழுதியிருந்தார். கடையநல்லூர்க்காரர். ரூமில் ஆறு பேர் இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை வேலை இல்லை, சோறு பொங்கும்போது ஓர் அத்தியாயம் சத்தமாக வாசிப்பேன். பேச்சி பேசுகிற இடம் வந்தால் இவனுகள் கரண்டியைப் போட்டுவிட்டு வந்துவிடுகிறானுகள் என்று எழுதியிருந்தார்.

போன மாதம் குற்றாலத்தில் கூடினோம். நான் போட்ட வாசகத்துக்காக வேல்ராஜிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, நீங்கள் சொன்னது உறைத்துத்தானே மறுநாளே நிலோபர் கடைக்குப் போனேன் என்றார். இப்போது இரண்டாவது நாவல் எழுதுகிறார். தீர்ப்புச் சொல்லும் இயந்திரம் ஒன்று, அதன் முன்னால் நிற்கும் ஒரு டிரைவர். நாலாவது அத்தியாயத்தில் இருக்கிறார். இயந்திரம் பக்கம் நியாயம் கொஞ்சம் அதிகமாக வருகிறது, டிரைவர் என்ன பதில் சொல்லுவான் என்று தெரியவில்லை என்று கவலையோடு சொன்னார்.