அஞ்சு மணி பஸ்ஸில் வந்த நூடுல்ஸ்

சாப்பாடு ஆர்டர் செய்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கோயம்புத்தூரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் யாருக்காவது பிறந்தநாள் வந்தால் போனை என் கையில் கொடுத்துவிட்டு எல்லாரும் ஒதுங்கிக்கொள்வார்கள். எத்தனை பேருக்கு எவ்வளவு நூடுல்ஸ் காணும், கோபி மஞ்சூரியனைக் குழம்போடு சொல்ல வேண்டுமா வறட்டலாகச் சொல்ல வேண்டுமா, எந்தக் கடையில் சொன்னால் ஆறிப்போகாமல் வரும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இதை எங்கே கற்றாய் என்று கேட்பார்கள். நாகலூரில் என்றால் சிரிப்பார்கள். ஏற்காட்டையும் தாண்டி, காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் கிடக்கும் ஊருக்குச் சைனீஸ் சாப்பாடு எப்படி வரும் என்பது அவர்கள் சந்தேகம். பஸ்ஸில்தான் வரும்.

காப்பியும் மிளகும் போக, நிலத்தின் ஓரத்தில் அப்பா முட்டைக்கோஸும் பீன்ஸும் போட்டிருந்தார். ஏற்காட்டில் ஏரிக்குப் போகும் வழியில் இருந்த ஒரு சைனீஸ் கடைக்கு அந்தக் காய் போகும். காலை பஸ்ஸில் மூட்டையை ஏற்றிவிட்டால் கண்டக்டர் அங்கே இறக்கிவிடுவார். சனிக்கிழமையானால் சாயங்காலம் அஞ்சு மணி பஸ்ஸில், சிவப்பு டிராகன் படம் போட்ட பையில் எங்களுக்கு நூடுல்ஸ் வந்துவிடும். காய்க்கணக்கில் கழித்துக்கொள்வார்கள். எங்கள் தோட்டத்து முட்டைக்கோஸ் மூட்டையாகப் போய், பொடிப்பொடியாக நறுக்கப்பட்டு, நூடுல்ஸுக்குள் ஒளிந்துகொண்டு வீடு திரும்புவதில் எனக்குப் பெரிய பெருமை. கடைக்குத்தான் சைனீஸ் என்று பெயர். முதலாளி சேலத்துக்காரர், மாஸ்டர் நேபாளத்துக்காரர், முட்டைக்கோஸ் நாகலூர்.

போனில் ஆர்டர் சொல்வது என் பொறுப்பு. மெனு கார்டில் இருந்த பெயர்கள் அப்பாவின் வாயில் நுழையாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு அவை தண்ணீர் பட்ட பாடு. அப்பா நம்பரை அழுத்திக் கொடுப்பார், நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பேன். வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே அதிகாரம் அது. அதை நான் குறைவாகப் பயன்படுத்தியதில்லை.

காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கியிருந்த ஒரு நாள் விடிகாலையில் தாத்தா, அப்பாவைப் பெற்றவர், இறந்துபோனார். நெடுநாள் படுக்கையில் கிடந்தவர். அழுகை இருந்தது, அதிர்ச்சி இல்லை. எனக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை என்று தெரிந்தபோது துக்கம் இன்னும் கொஞ்சம் குறைந்தது.

சாவு விழுந்த வீட்டில் மூன்றாம் நாள் காரியம் முடியும்வரை அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. பக்கத்து வீடுகளில் இருந்து காப்பி வரும். ஆனால் அடக்கம் முடிந்து, குளித்துவிட்டு வருகிறவர்களுக்குப் போடும் முதல் சோறு அந்த வீட்டு மருமகளின் பிறந்த வீட்டில் இருந்துதான் வர வேண்டும். எங்கள் சனத்தில் அப்படி ஒரு வழக்கம். அந்தச் சோறு வந்தால், அவளுக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்று பொருள். வராவிட்டால் அன்றைக்கு யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். ஆயுசு முழுக்கச் சொல்லிக்காட்டுவார்கள்.

அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது அடிவாரத்தில் இருந்த மாமா, அவளுடைய அண்ணன், ஒருவர்தான். அவரும் எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார். அதற்குக் காரணம் என் காது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். எனக்குக் காது குத்திய அன்று, மாமா சீர்த்தட்டோடு ஏறிய பஸ் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பழுதாகி நின்றுவிட்டது. இங்கே நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பொறுமைக்கும் அப்பாவுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. முறைக்கு மாமன்தானே என்று அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரைப் பிடித்து உட்கார வைத்துக் குத்தி முடித்துவிட்டார். மாமா வந்து சேர்ந்தபோது எனக்குக் கம்மல் ஏறி, நான் அழுது ஓய்ந்து, கறிச்சோற்றுப் பந்தி நடந்துகொண்டிருந்ததாம். அவர் சீர்த்தட்டை வாசலில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வாசல் மிதிக்கவில்லை. அப்பாவும் மச்சான் என்ற சொல்லை விட்டுவிட்டார். பேச நேர்ந்தால், அடிவாரத்து ஆளு என்பார்.

தாத்தா போன சேதியைச் சொல்ல அம்மா காலையிலேயே அடிவாரத்துக்குப் போன் போட்டாள். மாமாவின் மனைவி எடுத்து, சொல்லுகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். காலை பஸ் வந்தது, மாமா இல்லை. மத்தியான பஸ் வந்தது, அதிலும் இல்லை. அம்மா அழுவதைவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை ஒருவர் கவனித்துவிட்டார். கரடியூரில் வாழ்க்கைப்பட்ட அத்தை, அப்பாவின் அக்கா. அவருடைய கண்ணுக்குத் தப்பி எங்கள் வீட்டில் ஒரு பல்லிகூட முட்டையிட முடியாது. ஆண்கள் தாத்தாவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போன பிறகு, மூக்கைச் சிந்தி முடித்துவிட்டு எல்லாப் பெண்களும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

“ஏ அம்மிணி, உன்ற பொறந்த ஊட்டுச் சோறு எப்ப வருது? போனவங்க பசியோட வருவாங்கல்ல?”

“அஞ்சு மணி பஸ்ஸுல வந்துருமுங்க அண்ணி” என்றாள் அம்மா.

கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னாள். அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் பகீரென்றது. பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வருகிற சோறு எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அதை இன்றைக்கு யாருமே ஆர்டர் செய்யவில்லை. அப்பா விடிந்ததில் இருந்து அழுதுகொண்டிருக்கிறார். அம்மாவுக்கு நம்பர் அழுத்தத் தெரியுமே தவிர ஃபிரைடு ரைஸ் சொல்ல வராது. நான் இல்லாமல் இந்த வீட்டில் ஒரு காரியமும் உருப்படியாக நடக்காது என்று நினைத்துக்கொண்டே எழுந்தேன்.

அப்பா வெற்றுடம்போடு கொள்ளிச்சட்டி தூக்கிப் போயிருந்தார். சட்டை ஆணியில் தொங்கியது, போன் அதன் பையில் இருந்தது. மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் நின்று நானே நம்பரை அழுத்தினேன்.

“என்ன கண்ணு, இன்னைக்குச் சனிக்கிழம இல்லையே?” என்றார் கடை முதலாளி.

“எங்க தாத்தா செத்துப்போயிட்டாருங்க அண்ணா. ஊட்டுல அடுப்புப் பத்தவெக்கக் கூடாது. வெஜ் நூடுல்ஸ், வெஜ் ஃபிரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன் வேணும். துக்க ஊடுங்க, முட்டைகூட இருக்கக் கூடாது.”

“எத்தன பேருக்குச் சாமி?”

எட்டிப் பார்த்தேன். வாசல் நிறைய ஆட்கள். “நொம்பப் பேருக்குங்க” என்றேன்.

 அவர், “நாங்க பாத்துக்கறோம் கண்ணு, நீ போனை வை” என்றார். வழக்கமாக நான் சொன்னதை ஒருதரம் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பார். அன்று அதைச் செய்யாதது எனக்குக் குறையாகத்தான் இருந்தது. அம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. சனிக்கிழமைகளிலும் சொல்வதில்லையே. பஸ் வந்தால் தெரிந்துவிடும்.

அஞ்சு மணி பஸ் வளைவில் ஆரன் அடித்ததுமே அம்மா எழுந்துவிட்டாள். வாசலில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ரோட்டைப் பார்த்தார்கள். மாமா இறங்கவில்லை. வெள்ளைத் துணியால் வாய் கட்டிய இரண்டு பெரிய குண்டாக்களை ஆள் சேர்த்து இறக்கினார் கண்டக்டர். அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அதன் பின்னால் டிராகன் பைகள் இறங்கின. மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது. அவள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான்தான் என்று சந்தோஷமாகத் தலையை ஆட்டினேன்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவளுக்கு அவ்வளவு குரல் உண்டு என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

“எங்கண்ணன் அனுப்பிச்சிருக்காருங்க அண்ணி. எலை போடச் சொல்லுங்க.”

“அம்மா, அது நான்…” என்று வாயைத் திறந்தேன். அவள் கை என் தோளில் விழுந்து அழுத்தியது. “சாமி, நீ போயி எலை எடுத்துட்டு வா” என்றாள்.  தோள் வலிக்கும் அளவுக்கு அவளுக்கு என் மேல் கோபம் என்று நினைத்து இலைக்கு ஓடினேன்.

இலைக்கட்டோடு வந்தபோது ஆண்கள் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து நின்றிருந்தார்கள். அத்தை ஒரு டிராகன் பையைத் தூக்கி அப்பாவிடம் காட்டினார். “ஏன்டா தம்பி, சம்மந்தி ஊட்டுச் சோறுங்கறா உன்ற பொண்டாட்டி. ஓட்டல் பையில்ல வந்திருக்குது?”

அந்த டிராகனை அப்பாவைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஊரில் யார் இருந்தார்கள்? வாராவாரம் அவருடைய காயைத் தின்று வளர்ந்த டிராகன். இப்போது உண்மை வெளியே வந்துவிடும், என் பெருமை எனக்குக் கிடைத்துவிடும் என்று நிமிர்ந்து நின்றேன். அப்பா பையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை, குண்டாவின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வேட்டி நுனியில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“மச்சான் நல்ல கடையாப் பாத்துத்தானுக்கா சொல்லியிருக்காரு. பசியோட இருக்கறவங்களுக்கு மொதல்ல போடுங்க” என்றார்.

அப்பா வாயில் மச்சான் என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. நான் செய்த ஆர்டரை இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து, வராத ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் அழுததைப் பார்த்து, தாத்தா மேல் பிள்ளைக்கு எவ்வளவு பாசம் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

அன்றைய பந்தியை ஊர் இன்றைக்கும் பேசும். வாழை இலையில் விழுந்த நூடுல்ஸை என்ன செய்வதென்று தெரியாமல் பெரியவர்கள் விரலில் சுற்றினார்கள். சேமியாவை எதற்கு இவ்வளவு நீளமாக விட்டார்கள் என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் அதற்கு ரசம் கேட்டு வாங்கி, பக்கத்து வீட்டில் இருந்து வந்த ரசத்தை ஊற்றிப் பிசைந்து, நன்றாகவே இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். அத்தை ஒரு கோபி மஞ்சூரியனை எடுத்து மோந்து பார்த்தார். துக்க வீட்டில் கறியா என்று அவர் புருவம் ஏறுவதற்குள், “காலிபிளவருங்க அத்தை” என்று நான் எடுத்துச் சொன்னேன். அந்த அவமானத்திலும் என் கடமையை விடவில்லை. அத்தை ஒன்று தின்றார், பிறகு இன்னொரு கை கேட்டு வாங்கினார்.

கை கழுவும்போது, “உன்ற அண்ணன் மனசு பெருசுதான் அம்மிணி” என்றார். அதுவரை ஒரு வாய் தின்னாமல் பரிமாறிக்கொண்டிருந்த அம்மா அதைக் கேட்ட பிறகுதான் தனக்கு ஓர் இலை போட்டுக்கொண்டாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மாமா வந்தார். முந்தின நாள் முழுக்க அடிவாரத்து பஸ் நிறுத்தத்தில் நின்று, ஒவ்வொரு பஸ்ஸையும் விட்டுவிட்டு வீடு திரும்பியிருக்கிறார். அது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. அன்று நான் பார்த்தது, கோடித்துணிப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று வாசலில் தயங்கிய ஒரு மெலிந்த ஆளை. திட்டு வாங்கத் தயாராக வந்தவர் மாதிரி தலையைக் குனிந்திருந்தார்.

முதலில் பார்த்தது அத்தைதான். “வாங்க, வாங்க! ஏனுங்க அங்கயே நிக்கறீங்க? நேத்து இந்த ஊரே உங்க சோத்தத்தானுங்க தின்னுச்சு.”

மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். அப்பா இறங்கிப் போய் அவர் கக்கத்தில் இருந்த பையை வாங்கிக்கொண்டார். 

விட்டுவிடக் கூடாது என்று நான் முன்னால் போய் நின்றேன். பொய்யைப் பிடிக்க எனக்கு ஒரு கேள்வி போதும்.

“மாமா, நேத்து என்னென்ன அனுப்பிச்சீங்க? சொல்லுங்க பாக்கலாம்.”

 அத்தை திரும்பிப் பார்த்தார். அம்மாவின் கை முந்தானையை இறுகப் பிடித்தது. மாமா என் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தார். அவர் கண் என் முகத்தில் எதையோ தேடியது.

“உனக்குப் புடிச்சது எல்லாந்தான் சாமி” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நூடுல்ஸ், ஃபிரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன், மூன்றும் எனக்குப் பிடித்தவைதான். ஒன்றைக்கூடத் தப்பு என்று சொல்ல முடியவில்லை. ஒருவேளை நிஜமாகவே இவரும் ஆர்டர் செய்திருப்பாரோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அவர் பெஞ்சில் உட்கார்ந்து என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். மடியில் உட்காரும் வயதை நான் எப்போதோ தாண்டியிருந்தேன். கால்கள் தரையில் இழுபட்டன, கூச்சமாக இருந்தது. அவர் விடவில்லை. என் காதுக் கம்மலை, முதலில் ஒன்று, பிறகு மற்றது, விரலால் மெல்லத் திருகிப் பார்த்தார். அவர் கண்ணில் இருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தாத்தாவை இவருக்கு அவ்வளவாகத் தெரியாதே, இந்த அழுகை எதற்கு என்று யோசித்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் அம்மாவைக் காணோம். புகார் சொல்ல ஒருவராவது வேண்டும் என்று மடியில் இருந்து நழுவிச் சமையலறைக்குப் போனேன். அவள் சுவரைப் பார்த்து நின்று முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா அழுவற?”

“அழுவுல சாமி, பொகை. கண்ணுல பட்டுருச்சு” என்றாள்.

நான் நம்பிவிட்டேன். கண்ணைக் கழுவிக்கொள்ளச் சொல்லிச் செம்பில் தண்ணீர்கூட மொண்டு கொடுத்தேன். எங்கள் வீட்டு அடுப்பில் முந்தின நாளில் இருந்து நெருப்பே இல்லை.