இசாமு பிறந்த முகாம்

இசாமு குரிமோட்டோவின் பிறந்தநாளை வீட்டில் யாரும் கொண்டாடியதில்லை. அவரைப் பெற்ற அன்றே அம்மா இறந்துபோனாள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஜப்பானிய வம்சம் என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்க அரசு அந்தக் குடும்பத்தைக் கலிபோர்னியாவிலிருந்த தோட்டத்தைவிட்டுக் கிளப்பி, பொட்டல்வெளியில் முள்வேலி முகாமுக்குள் அடைத்திருந்தது. ஆண்டுதோறும் அவர் பிறந்தநாள் வந்தால் அப்பா மண்வெட்டியோடு காலையிலேயே வெளியே போய்விடுவார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இசாமு நினைத்ததுண்டு.

சாக்ரமெண்டோவில் லாரி மெக்கானிக்காகவே காலம் தள்ளினார். மனைவி இறந்த பிறகு, பக்கத்துத் தெருவிலிருந்த அக்கா ஃபுமியே சமைத்துக் கொண்டுவருவாள். முகாமை நினைவிடமாக்கியிருக்கிறார்கள், போய்ப் பார்க்க பஸ் விடுகிறார்கள் என்று அவள் பேச்செடுத்தால், "எழவு வீட்டுக்கு யாராவது டூரு போவாங்களாக்கா?" என்பார்.

எண்பது வயதில், நெஞ்சு வலி வந்து மீண்ட பிறகு, அவரே கேட்டார்.

"அம்மாவ எங்க புதைச்சாங்கன்னு தெரியுமா?"

"கொட்டகையெல்லாம் தாண்டி, மலைப் பக்கம். அப்பா சுத்திக் கல்லு வச்சாரு. அப்ப எனக்கு ஏழு வயசுடா, நல்லா ஞாபகமிருக்கு."

"அப்ப போவோம்."

ஃபுமியே ஊதுபத்தியும் சோற்று உருண்டைகளும் எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் அவர் டப்பாவைத் திறக்கப் போக, கையைத் தட்டிவிட்டாள். "அம்மாவுக்குப் படைச்சிட்டுத்தான் உனக்கு. இந்த வயசுலயும் தீனி தீனின்னு."

முகாமில் ஒரு கொட்டகையைச் செப்பனிட்டு, இரும்புக் கட்டில்களில் போர்வை விரித்து வைத்திருந்தார்கள். "பலகை இடுக்குல புழுதியா கொட்டும். இப்ப ஓட்டல் மாதிரி வச்சிருக்காங்க," என்றாள் ஃபுமியே.

மலைப் பக்கம் போனார்கள். அங்கே கல்லறைகள் இல்லை. களை மண்டிய அகன்ற பள்ளம்தான் இருந்தது. நினைவிடத்தில் வேலை பார்க்கும் பெண்ணிடம் இசாமு கேட்டார். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"முகாமை மூடின பிறகு இங்க மண்ணை வாரிட்டாங்க ஐயா. ரோடு போட."

"உள்ள இருந்தவங்க?"

"மண்ணோட போயிட்டாங்க."

"எந்த ரோடும்மா?"

"சரியாத் தெரியல. நீங்க வந்த ரோடாக்கூட இருக்கலாம்."

இசாமு பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "அம்மா முகம் எப்படி இருக்கும்?" என்று அக்காவிடம் கேட்டார். வீட்டிலிருந்த படங்களையெல்லாம் ஜப்பானோடு தொடர்பென்று சந்தேகிப்பார்களோ எனப் பயந்து முகாமுக்கு வருமுன்பே எரித்திருந்தார் அப்பா.

ஃபுமியே வாயைத் திறந்தாள். "கை ஞாபகமிருக்கு. தலை வாரிவிடுவாங்க. முகம்..." கண்ணை இறுக மூடிப் பார்த்தாள். "வரலடா."

காற்றில் ஊதுபத்தி பற்றவில்லை. சோற்று உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். பிறகு டப்பாவுக்குள்ளேயே போட்டு மூடினாள்.

திரும்பும்போது இசாமு செருப்பைக் கழற்றி, இரண்டு கால்களையும் இருக்கைமேல் தூக்கி வைத்துக்கொண்டார். நெடுஞ்சாலை வரும்வரை இறக்கவில்லை. ஃபுமியே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதன் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வாங்கிய மாத்திரைகள் பிரிக்காமலே கிடந்தன. "எனக்குக் கல்லு கில்லு வைக்காத, சாம்பலக் கடல்ல போட்டுடு," என்று மட்டும் அக்காவிடம் சொன்னார். குளிர்காலத்தில் இறந்தார். ஃபுமியே அவர் சொன்னபடியே செய்தாள். இப்போது தம்பியைப் பார்க்கப் போகவும் அவளுக்கு ஓர் இடமில்லை.