கோட்டுக்கு மேலே ஊற்றிய எண்ணெய்

பெரியப்பா, தெரிந்தே ஒரு நல்ல டிரைவரின் பிழைப்பைக் கெடுத்தவர் நீங்கள். இதை நயமாகச் சொல்ல எனக்கு வராது.

அப்போது எனக்கு எட்டு வயது. உங்களிடம் ஒரு கறுப்புக் கார் இருந்தது. சீமையில் செய்தது, ஏறக்குறைய உங்கள் வயது. அதை ஓட்டியவரை நாங்கள் காக்கு என்று கூப்பிடுவோம். வங்காளத்தில் சித்தப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நம் வீட்டில் பன்னிரண்டு வருஷம் ஓட்டி, நம்மிடமே தமிழ் கற்றவர். என்னைச் செல்லமாக ‘மாமணி’ என்பார், உங்களை ‘பாபு’ என்பார்.

ஆயுத பூஜையன்று கல்கத்தா முழுக்க துர்கா பந்தல்களில் நிற்கும். காக்குவுக்கு லீவு. நம் வீட்டிலோ காருக்குச் சந்தனம், குங்குமம். பூஜை நாளில் எதுவும் குறைவாக இருக்கக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். அரிசிப் பானை, குங்குமச் சிமிழ், விளக்கு எண்ணெய் எல்லாம் விளிம்புவரை நிறைந்திருக்க வேண்டும். அந்த வருஷம் உங்களுக்கு எஞ்சினும் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

நான் புனலைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் எஞ்சின் ஆயிலை ஊற்றினீர்கள். நடுவில் அளவுக் கம்பியை உருவிக் காட்டச் சொன்னீர்கள். எனக்கே தெரிந்தது.

“பெரியப்பா, கோட்டுக்கு மேல போயிடுத்து.”

“கோடெல்லாம் கஞ்சனுக்குப் போட்டதுடீ. பூஜையும் அதுவுமா அரைகுறையா வைக்கப்படாது. நன்னாப் பிடி.”

புது டின் முழுவதும் உள்ளே போயிற்று. என் புதுப் பாவாடையில் கொஞ்சம் சிந்தியது. எனக்கு அன்று அவ்வளவு பெருமை.

மறுநாள் விஜயதசமி. கோயிலுக்குக் கிளம்பினோம். காக்கு ஓட்டினார், நீங்கள் முன்சீட்டில். தெருவெல்லாம் கூட்டம், இரண்டு மணி நேரம் ஊர்ந்தோம். பாலிகஞ்ச் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறும்போது எஞ்சின் அலறியது, கார் நகரவில்லை. மிதிக்க மிதிக்க சத்தம்தான் கூடியது. பின்னால் நீலப் புகை. அதற்கும் பின்னால் துர்கையைக் கரைக்கப் போகும் லாரி ஒன்று, மேளக்காரர்களோடு நின்றது. அதிலிருந்த பையன்கள் கத்தினார்கள். இந்தக் கிழட்டு வண்டியையும் லாரியில் ஏற்றுங்கள், அம்மனோடு சேர்த்துக் கங்கையில் விட்டுவிடலாம் என்று. நானும் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

“எந்நேரமும் கிளச்சுலயே காலை வெச்சுண்டு ஓட்டினா இப்படித்தான்” என்று காக்குவிடம் சீறினீர்கள்.

காக்கு இறங்கிப் பானெட்டைத் திறந்தார். அளவுக் கம்பியை உருவினார். பார்த்தார். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார், என் பாவாடையைப் பார்த்தார். கம்பியைத் துணியில் துடைத்து மறுபடி செருகிவிட்டார். அவர் எதையும் கவனிக்கவில்லை என்று நான் நினைத்தேன்.

பூஜை லீவு முடிந்து ஹவுராவிலிருந்து காரைப் பழுதுபார்க்க ஒரு மிஸ்திரி வந்தார். கை பிரேக்கை இழுத்துவிட்டு, டாப் கியர் போட்டு, கிளச்சிலிருந்து காலை எடுத்தார். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தது. கிளச் வழுக்குகிறது என்றார். கியர் பாக்ஸை இறக்கி, கிளச் தட்டை வெளியே எடுத்துத் தூக்கிக் காட்டினார். தேய்ந்திருக்கவில்லை, கருகியிருக்கவில்லை. எண்ணெய் சொட்டியது. அளவுக்கு மேல் ஊற்றிய எண்ணெய் எஞ்சினின் பின்பக்கமாக வழிந்து தட்டை நனைத்திருக்கிறது, மேலே ஏறியது எரிந்துதான் நீலப் புகை, இரண்டு கோளாறுக்கும் காரணம் ஒன்றே என்றார். டிரைவரின் கால்மேல் குற்றமில்லை என்பதையும் அவரே சொன்னார். பிறகு யார் ஊற்றியது என்று கேட்டார்.

முற்றத்தில் எல்லோரும் இருந்தோம். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். நீங்கள் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் கிளச் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“நான்தான் ஊத்தினது, பாபு” என்றார் காக்கு.

நீங்கள் தட்டைக் கீழே வைக்கச் சொன்னீர்கள். அப்புறம், “நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்” என்றீர்கள்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. நமக்கு அப்புறம் காக்குவும் ஒரு டின் ஊற்றியிருக்கிறார், அதனால்தான் கார் கெட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னால் அது நிஜமாகத்தானே இருக்கும்? அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு எந்தத் தமிழர் வீட்டிலும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. விசாரித்தவர்களிடமெல்லாம் ‘எஞ்சினைப் பாழாக்கினவன்’ என்று நீங்கள் சொன்னீர்கள். நானே காதால் கேட்டிருக்கிறேன். ஹவுராவில் ஒரு பட்டறைக்கு இரும்பு ஏற்றும் வண்டியை அவர் ஓட்டினார், முதுகு ஒடியும்வரை.

போன மாதம் அவரைத் தேடிப் போனேன். உட்காரக்கூட அடுத்தவர் கை வேண்டியிருக்கிறது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். “உன் பாவாடைல எண்ணெய் இருந்தது, மாமணி. தெரியாம நீ வெளையாடி ஊத்திட்டியோன்னு நெனச்சேன். பாபு கோபக்காரர், உன்னை அடிப்பார்” என்றார்.

நான் புனல் மட்டும்தான் பிடித்தேன், ஊற்றியது பெரியப்பா என்றேன்.

இத்தனை வருஷமும் தன் பொய்யை நீங்கள் நம்பித்தான் அனுப்பினீர்கள் என்றே அவர் நினைத்திருக்கிறார். உங்கள்மேல் அவருக்குக் கோபமே இருந்ததில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அப்போ நான் பொய் சொல்றேன்னு பாபுவுக்கு அப்பவே தெரியுமா?”

எட்டு வயதில் எனக்குத் தோன்றாத கேள்வி அது. இப்போதும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நானல்ல.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் தமிழ்ச் சங்கத்தில் உங்களுக்கு மாலை போடுகிறார்கள். அந்தக் காரை வாசலில் நிறுத்தி, அதைப் பழுதில்லாமல் காப்பாற்றியதற்காக. காக்குவை முதல் வரிசையில் நான் உட்கார வைப்பேன். மைக் உங்கள் கையில் இருக்கும். அத்தனை பேர் முன்னாலும், அவர் முகத்தைப் பார்த்து, அவர் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், பெரியப்பா.