இலையுதிர் காலத்துக்கு என்ன நிறம்?

நான் சொன்ன ஒரே ஒரு வார்த்தையால் ஒரு முகூர்த்தப் புடவை பாழாகிவிட்டது. இன்னும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை!

பக்கத்து வீட்டு நெசவாளர் தனசேகருக்குக் கனடாவில் இருந்து ஒரு கல்யாணப் பெண் ஆர்டர் கொடுத்தாள். 'ஆட்டம் கலர் வேணும்' — வாட்ஸ்அப்பில் ஒரே வரி.

"அது இன்னா கலர்மா?" என்று என்னிடம் வந்தார்.

நான்தான் எழுத்தாளராச்சே... யோசிப்பேனா? "ஆட்டம்னா இங்கிலீஷ்ல இலையுதிர் காலம். உதிர்ற இலையோட கலர்" என்றேன்.

காஞ்சிபுரத்தில் யாரும் கலருக்கு நம்பர் சொல்வதில்லை. மயில் கழுத்து, வெங்காயத் தோல், மாம்பழம்... பொருளைக் காட்டினால் போதும், சாயக்காரர் அந்த நிறத்தைப் பட்டில் ஏற்றிவிடுவார். அது மாசி மாதம். தெருமுனை அரசமரம் இலை கொட்டிக்கொண்டிருந்தது. தனசேகர் ஒரு சருகைப் பொறுக்கிக்கொண்டு சாயப்பட்டறைக்குப் போய்விட்டார்.

நெய்து முடித்த புடவையைப் போன வாரம் வீடியோ காலில் விரித்துக் காட்டினார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"ஐயோ... என்ன இது, மண்ணு கலர்? இங்க மரமெல்லாம் தகதகன்னு சிவக்குமே, அந்தக் கலர்தானே கேட்டேன்!" என்று பெண் அழுதேவிட்டாள். கல்யாணத்துக்கு இருபதே நாள்!

அப்போதுதான் புரிந்தது. அங்கே ஐப்பசியில் சிவந்து உதிர்கிற இலை, இங்கே மாசியில் வெளிறிக் காய்ந்து விழுகிறது. இது எனக்கு உறைக்கவே இல்லையே!

குற்ற உணர்ச்சியில் மூன்று நாள் அந்தச் சொல்லைத் துருவினேன். அடுத்த அதிர்ச்சி! மூலம் லத்தீனில் 'ஔடும்னுஸ்'. அது லத்தீனுக்குள் எங்கிருந்து வந்தது என்று அறிஞர்களுக்கே நிச்சயமில்லை. ரோமானியர்களுக்கு அது பழம் பழுத்து, திராட்சை பறிக்கிற காலம். 'பெருகுதல்' என்ற சொல்லோடு அதை முடிச்சுப் போட்டவர்களும் உண்டு. பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்தது. அதற்கு முன் ஆங்கிலேயர்கள் அந்தப் பருவத்தை 'அறுவடை' என்றுதான் சொன்னார்களாம். பழம், பெருக்கம், அறுவடை... எங்கே இருக்கிறது சருகு? பள்ளிக்கூடத்தில் படித்ததை நான் அப்படியே ஒப்பித்திருக்கிறேன்!

இந்தக் கண்டுபிடிப்போடு தனசேகர் வீட்டுக்கு ஓடினேன். தறியில் புதுப் புடவைக்காகச் சிவப்புப் பட்டிழைகள் பாவாக ஏறியிருந்தன. கல்யாணத்துக்குள் முடிக்க, தனசேகரும் மனைவி செல்வியும் மாறி மாறி நெய்கிறார்கள். நான் லத்தீன், பிரெஞ்சு என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

செல்வி தறியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "ரோமாபுரி வரைக்கும் போய்த் தேடிக்கினு வந்தீங்களேமா... அன்னிக்கே அந்தப் பொண்ணாண்ட ஒரு போட்டோ அனுப்பச் சொல்லியிருந்தா, நாங்க ஒரே தபா நெய்ஞ்சிருப்போம் இல்ல?"